பழைய வீட்டுச் சாமான்களைத் துலக்குவதற்கு முன்னால்

ஊர் அருங்காட்சியகத்துக்கோ பள்ளியில் வைக்கும் சின்னக் காட்சிக்கோ பழைய சாமான்களைச் சேர்க்கிறீர்கள் என்றால், பொருள் கைக்கு வந்ததும் புளியைத் தேடிப் போகாதீர்கள். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும், சிலதில் தேதியும் இருக்கும். சீர்வரிசையாக வந்த அண்டாவை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு அந்த எழுத்துதான் சாட்சி, புளி போட்டுத் துலக்கத் துலக்க உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அதுவும் மழுங்கிவிடும். காய்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். மங்கிய எழுத்துக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், பளிச்சென்று தெரியும், அப்படியே போட்டோ எடுத்துவிடுங்கள்.

அப்புறம் கொடுத்தவரோடு உட்கார்ந்து பேசுங்கள், இதுதான் முக்கியமான வேலை. எந்த அறையில் இருந்தது, யார் புழங்கினார்கள், எப்போது பரணுக்குப் போனது, எல்லாவற்றையும் அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அருமையான பெட்டகங்கள் விலைக்குக் கிடைக்கும், ஆனால் அது இருந்த வீட்டின் கதை பெரும்பாலும் அதோடு வருவதில்லை, எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, துணிச் சீட்டில் பென்சிலால் எழுதி நூலால் கட்டுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம், பசை மரத்தில் கறையாகிவிடும்.

மரச்சாமானில் பொடி ஓட்டைகள் இருந்தால் தனியாக வைத்து அடியில் கறுப்புக் காகிதம் விரியுங்கள். சில நாளில் புதிதாக மாவு உதிர்ந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கலாம், மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். புது வார்னிஷ் அடிக்கவே அடிக்காதீர்கள், கைபட்டுத் தேய்ந்த இடம் அந்த நாற்காலியின் வரலாறு.

பம்ப் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் சொட்டுகூட இல்லாமல் வடித்துவிடுங்கள். வால்வு ரேடியோ பாடுகிறதா என்று பிளக்கில் மாட்டிப் பார்க்கக் கூடாது, பழைய கெப்பாசிட்டர்கள் கெட்டுப்போயிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து எரிந்துவிடும். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் கட்ட வேண்டும், போஸ்ட் ஆபீஸ் முத்திரை விழுந்த அந்தச் சின்னப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி ரேடியோவுடனேயே வையுங்கள்.

அடுக்கும் முன் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் செட்டிநாட்டு வீட்டைப் பாருங்கள். அங்கே வீட்டுக்குள் நடந்துகொண்டே பொருள்களைப் பார்க்கலாம். நீங்களும் சமையலறைப் பொருள்களைச் சமையலறையாகவே வையுங்கள்: அம்மியோடு குழவி, உரலோடு உலக்கை, பக்கத்தில் முறம்.