அறுபதைக் கடந்து, தனியே, சோழநாட்டுக்கு

கடலுக்கு அக்கரையில் உள்ள தமிழ்நாட்டுக் கோயில்களைக் காண வேண்டும் என்று இளமையிலேயே எண்ணி, போராலும் பிள்ளைகளின் படிப்பாலும் அதைத் தள்ளிப்போட்டு, ஓய்வூதியம் பெறத் தொடங்கிய பின்னரே புறப்படத் துணிபவர்கள் திருகோணமலையில் பலர் உள்ளனர். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, இத்தனை ஆண்டுகளில் மனத்தில் சேர்ந்துவிட்ட ஊர்ப்பட்டியலைக் குறைப்பதுதான். நான் 64 வயதில் புறப்பட்டபோது 11 ஊர்களை எழுதி வைத்திருந்து, கடைசியில் தஞ்சாவூர், சிதம்பரம், சீர்காழி ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் ஊர்ச் சிவனான கோணேசரைப் பாடிய சம்பந்தர் பிறந்த ஊர் என்பதால் சீர்காழியை விட மனம் வரவில்லை.

கடவுச்சீட்டு குறைந்தது இன்னும் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் கொழும்புவரை அலையத் தேவையில்லை. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இந்தியாவுக்கான விசாவை இணையத்திலேயே பெறலாம் என்றாலும், இணைய விசாவோடு எல்லா வாசல்களாலும் நுழைய முடியாது என்பதால், இறங்கப்போகும் இடம் அனுமதிப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பிறகே பயணச்சீட்டை வாங்குங்கள். காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பல் 2023இல் தொடங்கியது; கடல் கொந்தளித்தால் அது நின்றுவிடும் என்பதால், திரும்பும் நாள் பிசகக் கூடாதவர்களுக்கு விமானமே நல்லது.

மார்கழி மழை நமக்கும் அவர்களுக்கும் ஒன்றே. தை பிற்பகுதியும் மாசியும் ஏற்ற காலம். சித்திரையில் கோயில் முற்றத்துக் கருங்கல் வெறுங்காலைச் சுட்டுவிடும்.

உடலை ஆயத்தம் செய்வதில்தான் பெரும்பாலோர் அசட்டையாக இருக்கிறார்கள். புறப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில்வரை காலையும் மாலையும் ஏறி இறங்குங்கள். கடைசி இரண்டு வாரங்கள், கொண்டுபோகவிருக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏறுங்கள். மேலே போனதும் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டியது பையின் கனத்தை. பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. வழமையாகக் குடிக்கும் மருந்துகளைப் பயண நாட்களுக்கும் மேலதிகமாக ஒரு வாரத்துக்கும் எடுத்து, வைத்தியரின் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். மருந்தின் வணிகப் பெயர் அங்கே வேறாக இருக்கக்கூடும் என்பதால், அதன் மூலப்பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியே போவதைப் பிள்ளைகள் எதிர்ப்பது இயல்பு. அவர்களோடு வாதாடுவதைவிட, தங்குமிடங்களின் முகவரிகளையும் கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, நாளாந்தம் இரவு எட்டு மணிக்குப் பேசுவதாக உறுதியளிப்பது பயன் தரும்; இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்றே என்பதால் அதில் குழப்பம் வராது.

தஞ்சாவூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே நேரடியாகப் புகையிரதம் ஓடுவதால், ஒரே ஊரில் மூன்று இரவுகள் தங்கிவிட்டு அடுத்த ஊருக்கு மாறினால் போதும். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். இதை அறியாமல் முதல் நாள் சிதம்பரத்தில் மூடிய கதவின் முன் நான்கு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். பயணத்தின் நடுவில் எந்த வேலையும் வைக்காமல் ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். அந்த நாளில் நான், 1010இல் இராசராசன் நிறைவுசெய்த தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் முற்றத்தில், வெயில் இறங்கி, கருவறைக்கு மேலுள்ள விமானத்தின் நிறம் மாறும்வரை எழும்பாமல் இருந்தேன்.