கடிதத்தில் பொடி கொட்டினால்

அமெரிக்க அலுவலகங்களுக்கு வரும் மர்மப் பொடிகள் பெரும்பாலும் மாவாகவோ டால்கம் பவுடராகவோதான் இருக்கும். அதைப் பரிசோதனைக்கூடம் சொல்லட்டும். அதுவரை உயிரைப் பறிக்கும் ஆந்த்ராக்ஸ் கிருமி என்றே நடந்துகொள்ளுங்கள். 2001-இல் அங்கே தபாலில் வந்த ஆந்த்ராக்ஸால் 22 பேருக்கு நோய் கண்டது, 5 பேர் இறந்தார்கள்.

உறையை உதறாதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: மேலாளரிடம் காட்ட நாலு மேசை தாண்டி எடுத்துப் போவார்கள், வழியெல்லாம் உதிரும். கொட்டியதைப் பெருக்கினாலும் துடைத்தாலும் பொடி காற்றில் எழும். ஒட்டிய உறையும் காப்பு இல்லை. 2001-இல் வாஷிங்டனின் பிரென்ட்வுட் தபால் பிரிப்பகத்தில் இறந்த இரண்டு ஊழியர்கள் அந்தக் கடிதங்களைப் பிரிக்கவே இல்லை; இயந்திரம் அழுத்தியபோது தாளின் நுண்துளை வழியாகவே பொடி கசிந்தது.

ஃபேன், ஏசியை அணைத்து, எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்துங்கள். முகத்தில் கை வைக்காமல், கைகளைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிளீச்சிங் தண்ணீர் தோலுக்கு ஆகாது. பிறகு அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். உடுப்பில் பொடி பட்டிருந்தால் தட்டிவிடாமல் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, சோப்புப் போட்டுக் குளியுங்கள். அறையில் இருந்தவர்கள், உறையைத் தொட்டவர்கள் எல்லார் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். மருந்து யாருக்கு என்பதைச் சுகாதாரத் துறை இதை வைத்துத்தான் முடிவுசெய்யும்.

நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். பொடி ஆந்த்ராக்ஸ்தான் என்று உறுதியானால் பெரியவர்களுக்கு வழக்கமாக சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் அல்லது டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று, 60 நாள். கூடவே தடுப்பூசி: முதல் நாள், அதிலிருந்து 2 வாரம் கழித்து, 4 வாரம் கழித்து.

உடம்புக்கு ஒன்றுமில்லையே, எதற்கு 60 நாள்? கிருமியின் வித்து நுரையீரலில் வாரக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மாத்திரை முளைத்ததைத்தான் கொல்லும், உறங்குவதைத் தொடாது. அமெரிக்காவின் ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகம் 1993-இல் வெளியிட்ட சோதனையில், ஆந்த்ராக்ஸைச் சுவாசித்த குரங்குகளுக்கு 30 நாள் மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். அதன்பிறகு சில செத்தன. 2001-இல் 60 நாள் சாப்பிடச் சொன்னவர்களில் பாதிப்பேர்கூட முழுதாக முடிக்கவில்லை. வயிற்றைப் புரட்டினால் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள். மூக்கில் எடுத்த மாதிரியில் கிருமி இல்லை என்று வந்தாலும் இதே கணக்குதான்.

மூச்சுவழி ஆந்த்ராக்ஸ் சளிக்காய்ச்சல் போல ஆளுக்கு ஆள் தொற்றாது. குளித்து உடை மாற்றிய பிறகு பிள்ளைகளைத் தூக்கலாம்.