மாயாற்றில் வெள்ளம் வந்து தெங்குமரஹாடாவில் தங்க நேர்ந்தால்

தெங்குமரஹாடா நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், அங்கே செல்லும் பாதை ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகரில் தொடங்கி, சத்தியமங்கலம் புலிகள் காப்பகக் காட்டின் ஊடாக மாயாற்றங்கரைவரைதான் போகிறது. பேருந்து கரையோடு நின்றுவிடும். ஊருக்குள் போகப் பரிசல் ஏற வேண்டும். வனத்துறை அனுமதியுடன் உறவினர் வீட்டுக்கோ பணி நிமித்தமாகவோ சென்றவர், ஆறு பெருகிப் பரிசல் நின்றுவிட்டால், தண்ணீர் வடியும்வரை அங்கேயே தங்க வேண்டியதுதான்.

உள்ளூரில் வெயில் காயும்போதே இந்த ஆற்றில் வெள்ளம் வரும் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி. ஆற்றை நிரப்புவதோ கூடலூர், பைக்காரா பக்கம் மேல்மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையும், அங்குள்ள அணைகளிலிருந்து திறந்துவிடப்படும் நீரும். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர்வரை புறப்படுகிறவர், பவானிசாகரின் வானத்தைப் பார்ப்பதைவிட, கூடலூரில் மழை எப்படி என்று விசாரிப்பதே மேல். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளைத் தங்கும் நாள்களைவிட ஒரு வாரத்துக்கு அதிகமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பரிசல்காரர் "இன்னைக்கு வேண்டாங்க" என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. கூடுதல் பணம் தருகிறேன் என்று வற்புறுத்துவது அவருடைய உயிருக்கும் சேர்த்து விலை பேசுவதாகும். கோடையில் ஜீப் இறங்கிப் போன துறைதானே என்று நடந்து கடக்கவும் துணியக் கூடாது: வேகமாக ஓடும் நீர் அரையடி இருந்தாலே ஆளின் காலை வாரிவிடும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் சென்றுவிடும். போதாக்குறைக்கு, மாயாற்றில் முதலைகள் உண்டு. கோத்தகிரிக்கு ஏறும் காட்டு ஒற்றையடிப் பாதையைச் சிலர் மாற்றுவழியாகச் சொல்லக்கூடும். யானை நடமாடும் அந்தக் காட்டில் மழைநாளில் வெளியூர்க்காரர் ஏறுவது ஆற்றைக் கடப்பதற்குச் சற்றும் குறையாத ஆபத்து.

தங்குவது உறுதியானதும், எங்கே, யார் வீட்டில், எத்தனை பேர் இருக்கிறோம் என்பதை ஒரே குறுஞ்செய்தியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசியை அணைத்து வைக்கலாம். அழைப்பு கிடைக்காத இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு. அவசர உதவி தேவைப்பட்டால், ஊர் நீலகிரி நிர்வாகத்தில் இருப்பதால், 0423 சேர்த்து 1077-ஐ அழைக்க வேண்டும்; மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. பிரசவ வலி, பாம்புக்கடி போன்றவற்றில் ஊர்ப் பெரியவர்களிடம் உடனே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எந்த நேரத்தில் எந்தத் துறையில் ஆற்றைக் கடக்க முடியும் என்பது அவர்களுக்கே தெரியும்.

கலங்கிய நீரை அப்படியே காய்ச்சிக் குடிக்க வேண்டாம். சிறிது நேரம் தெளியவிட்டு, பருத்தி வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நீர் ஏறும்போது பாம்பும் தேளும் மேட்டுக்கு வரும் என்பதால், இருட்டில் டார்ச் இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம்.

பரிசல் நின்றால் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எதுவும் வராது. விருந்தாளி உண்பது அந்த வீட்டின் இருப்பிலிருந்துதான். பணத்தை நீட்டினால் பலர் வாங்க மாட்டார்கள். ஊர்க் கடையில் கிடைப்பதை வாங்கிவந்து சமையலறையில் வைத்துவிடுவதும், தண்ணீர் சுமப்பதும், விறகு பிளப்பதும் அவர்களைச் சங்கடப்படுத்தாத வழிகள்.

வெள்ளம் வடிந்து பரிசல் ஓடத் தொடங்கியதும் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதலில் போகட்டும். கரையில் படிந்த புதுச் சேறு முழங்கால்வரை இழுக்கும் என்பதால், ஊரார் மிதித்த தடத்திலேயே இறங்க வேண்டும். திரும்பும் வழியில் காராச்சிக்கொரை சோதனைச்சாவடியில், உங்களுடன் வந்தவர்கள் அனைவரும் வெளியேறிவிட்டதைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்; இல்லாவிட்டால் உள்ளே யாரோ சிக்கியிருப்பதாக எண்ணி வனத்துறையினர் வீணாகத் தேட நேரிடும்.