டிராக்கில் ஓடும் காருக்கு கியர் ஆயில்: செய்யக்கூடாத தவறுகள்

காரை ரேஸ் டிராக்குக்குத் தயார்செய்கிறவர்கள் டயர், பிரேக் பேட், இன்ஜின் ஆயில் பற்றியெல்லாம் துருவித் துருவி விசாரிப்பார்கள். கியர்பாக்ஸிலும், இன்ஜினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலிலும் என்ன ஊற்றுவது என்ற கேள்வி வந்தால் மட்டும், 'ரேஸிங்' என்று எழுதிய கேன் ஒன்றை வாங்கி இரண்டிலும் ஊற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். ஏனென்றால், தவறான ஆயில் அன்றைக்கே காட்டிக்கொடுக்காது. கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், பேரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியும். சத்தம் கேட்கும்போது செலவு கைமீறியிருக்கும்.

கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், கியர்பாக்ஸ் அல்லது டிஃபரென்ஷியலின் கூட்டுக்குள் என்ன இருக்கிறது, அது எவ்வளவு சூடாகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதால் வருபவை.

எண் பெரிதானால் தரம் உயர்ந்தது என்று நினைப்பது

ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகைப்பாட்டில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு வகை கியர் ஆயில்கள் பரவலாகக் கிடைக்கின்றன. நான்கைவிட ஐந்து மேம்பட்டது என்று முடிவுகட்டி கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. இவை இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை.

ஜிஎல்-5 ஹைபாய்டு கியருக்காக உருவானது. பின்சக்கரங்களை இயக்கும் டிஃபரென்ஷியலில் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தின் அச்சு, கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் மையத்திலிருந்து சற்று விலகியிருக்கும். அதனால் பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருளுவதோடு, பலமாக வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். அப்போது பற்களைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள். அவை சூட்டில் எஃகோடு வினைபுரிந்து மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. ஜிஎல்-4இல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்மங்கள் ஜிஎல்-5இல் இருக்கும்.

மேனுவல் கியர்பாக்ஸுக்குள் நிலைமை வேறு. கியர் மாற்றும்போது சின்க்ரோ வளையம் எதிரே இருக்கும் கூம்பைப் பற்றிப் பிடித்து, இரண்டின் சுழற்சி வேகத்தையும் ஒரு நொடிக்குள் சமன்செய்ய வேண்டும். அதற்கு உராய்வு தேவை. அந்த இடத்தில் ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது. உயர் ஆர்பிஎம்மில் நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கும்போது 'கரக்' என்று பல் உரசும். இதோடு இன்னொன்றும் உண்டு. பல கியர்பாக்ஸ்களில் சின்க்ரோ வளையம் பித்தளையால் ஆனது. வீரியமான கந்தகச் சேர்மங்கள் சூட்டில் செம்புக் கலவைகளை அரிக்கக்கூடியவை. டிராக்கில் சூட்டுக்குக் குறைவே இல்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு, கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-5 எமன் என்று மறுகோடிக்கும் போய்விடக் கூடாது. சுபாருவின் மேனுவல் கார்களில் கியர்பாக்ஸும் முன் டிஃபரென்ஷியலும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளே ஹைபாய்டு கியர் இருப்பதால் நிறுவனமே அதற்கு ஜிஎல்-5 ஆயிலைத்தான் பரிந்துரைக்கிறது. அங்கே ஜிஎல்-4 ஊற்றினால் கிரவுன் வீல் பாழாகும். ஹோண்டாவின் மேனுவல் கியர்பாக்ஸ்கள் தமக்கென்று உருவான மெல்லிய எம்டிஎஃப் (மேனுவல் கியர்பாக்ஸ்) திரவத்தை எதிர்பார்க்கின்றன. பிஎம்டபிள்யூவின் சில மேனுவல் கியர்பாக்ஸ்கள் தொழிற்சாலையிலிருந்தே ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவம்) நிரப்பப்பட்டு வந்தவை. இவற்றில் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் காலைக் குளிரில் லீவர் நகரவே அடம்பிடிக்கும். ஆகவே காரின் கையேடு என்ன சொல்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கெட்டியானது எல்லாம் காப்பாற்றும் என்று நம்புவது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கியர் ஆயிலின் எண்களும் இன்ஜின் ஆயிலின் எண்களும் வெவ்வேறு அளவுகோல்கள். 75டபிள்யூ-90 கியர் ஆயில், இன்ஜின் ஆயிலில் 40ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். 100 டிகிரி செல்சியஸில் 90 கிரேடு கியர் ஆயிலின் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை இருக்கும். இன்ஜின் ஆயிலில் 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. அதாவது மூன்றும் ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. 140 கிரேடு கியர் ஆயில்தான் உண்மையில் கெட்டி: 24 முதல் 32.5 வரை.

இப்போது டிராக்குக்கு வருவோம். சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துக்கொண்டே போகும். சாலையில் நிதானமாக ஓடும் டிஃபரென்ஷியலுக்கு 75டபிள்யூ-90 போதுமென்று வைத்துக்கொள்ளுங்கள். அதே டிஃபரென்ஷியல் டிராக்கில் 120 டிகிரியைத் தாண்டும்போது, அன்று 100 டிகிரியில் கிடைத்த அதே கனமான படலம் வேண்டுமானால் 75டபிள்யூ-140 தேவைப்படும். நல்ல சின்தெடிக் 140 ஆயில் ஒன்று 120-125 டிகிரியில் காட்டும் பாகுத்தன்மை, 90 கிரேடு ஆயில் 100 டிகிரியில் காட்டுவதற்கு ஏறக்குறைய சமம். கிரேடை உயர்த்தலாமா என்ற கேள்விக்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, ஓட்டுநரின் ஆசையில் இல்லை.

அதனால்தான் முதலில் வெப்பநிலையை அளந்துவிடுங்கள் என்று சொல்கிறேன். டிரெயின் போல்ட் இருக்கும் இடத்தில் சென்சார் வைக்கலாம். அதற்கு வசதியில்லை என்றால், கூட்டின் வெளிப்புறத்தில் நிறம் மாறி உச்ச வெப்பநிலையைக் காட்டும் ஸ்டிக்கரை ஒட்டலாம். உள்ளே இருக்கும் ஆயில் அதைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் இருக்கும் என்று கொள்ள வேண்டும். டிஃபரென்ஷியல் 100 டிகிரியையே எட்டவில்லை என்றால் 140 ஊற்றுவதால் நன்மை கிடையாது. கெட்டி ஆயிலைக் கடைவதற்கே இன்ஜினின் சக்தி வீணாகும், அந்தக் கடைசல் தானாகவும் ஆயிலைச் சூடேற்றும். கியர்பாக்ஸில் இன்னும் கவனம் வேண்டும்: கெட்டி ஆயிலை விலக்கிக்கொண்டு கூம்பைப் பிடிக்க சின்க்ரோ சிரமப்படும். மறுபுறம், 140 கிரேடு ஊற்றியும் சூடு 140, 150 டிகிரி என்று ஏறிக்கொண்டே போனால் அடுத்த கிரேடைத் தேடுவதில் பொருளில்லை. அந்தக் காருக்கு ஆயில் கூலரும் பம்பும் தேவை.

எல்எஸ்டிக்கு ஒரு பாட்டில் கூடுதலாக ஊற்றுவது

பிளேட் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலுக்குள் (எல்எஸ்டி) சிறிய கிளட்ச் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒரு சக்கரம் வீணாகச் சுழல முயன்றால், அந்தத் தகடுகள் நெருக்கி இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஆகவே இதற்கான ஆயில் பற்களைக் காப்பாற்றியும் ஆக வேண்டும், தகடுகளை ஓரளவு பிடிக்கவும் விட வேண்டும். இந்தச் சமநிலைக்காகத்தான் உராய்வு மாற்றி என்ற சேர்மத்தைக் கலக்கிறார்கள்.

வண்டியை நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது பின்னாலிருந்து 'டக் டக்' என்று அதிர்வு வரும். தகடுகள் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வழுக்கும் சத்தம் அது. சத்தத்தைக் கேட்டுப் பதறி ஒரு பாட்டில் உராய்வு மாற்றியை ஊற்றுவார்கள். சத்தம் நின்றுவிடும். அடுத்த டிராக் நாளில் வளைவிலிருந்து வெளியேறும்போது உள்பக்கச் சக்கரம் புகையைக் கக்கிக்கொண்டு சுழலும். தகடுகளின் பிடியையே அந்தப் பாட்டில் குறைத்துவிட்டிருக்கும். டிராக்குக்கென்று அமைத்த கடினமான எல்எஸ்டியில் மெதுவாகத் திரும்பும்போது ஓரளவு சத்தம் வருவது இயல்பு, பொறுத்துக்கொள்ளுங்கள். கேனில் 'எல்எஸ்' என்று குறித்திருந்தால் அந்தச் சேர்மம் ஏற்கெனவே கலந்திருக்கிறது என்று அர்த்தம். டோர்சென் போன்ற கியர் வகை டிஃபரென்ஷியலில் இந்தத் தகடு அடுக்கு கிடையாது. பொதுவாக அதற்கு இந்தச் சேர்மம் தேவைப்படாது.

'ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்' என்பதை நம்புவது

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பற்றி இப்படிச் சொல்வது சாதாரணச் சாலைப் பயன்பாட்டை மனதில் வைத்து. அதிலும்கூட, கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. ஆயில் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம், வெப்பநிலை 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய தோராய விதி. டிராக்கில் 20 டிகிரி கூடுதலாக ஓடும் ஆயிலின் ஆயுளை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஈரக் கிளட்ச் வகையில் பலவற்றில் அதே ஆயில் கிளட்சையும் நனைக்கும், கியரையும் காக்கும். அதற்கென உருவான திரவத்தைத் தவிர வேறு எதுவும் கூடாது. போர்ஷேயின் பிடிகே கியர்பாக்ஸில் கிளட்சுக்கு ஒரு திரவமும் கியர்களுக்கு வேறொரு ஆயிலும் தனித்தனியே இருக்கின்றன. ஒன்றை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. நான்கு சக்கர இயக்கமுள்ள கார்களில் டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் டிஃபரென்ஷியல், கப்ளிங் என ஒவ்வொன்றுக்கும் தனி ஆயில் இருக்கக்கூடும்.

கிளட்ச் திரவத்தை மறப்பது

மேனுவல் கார்களில் பலவற்றில் கிளட்சும் பிரேக்கும் ஒரே தொட்டியிலிருந்து திரவம் எடுக்கின்றன. பிரேக் பக்கம் காற்றை எடுத்துப் புதுத் திரவம் நிரப்புகிறவர்கள், கிளட்ச் சிலிண்டரில் பழையதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சிலிண்டர் கியர்பாக்ஸோடு ஒட்டிக்கொண்டு, புகைக்குழாயின் வெப்பத்துக்கு அருகில் இருக்கும். டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சியபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். டிராக்கில் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டால் கிளட்ச் தட்டைக் குறைசொல்வதற்கு முன் இந்தத் திரவத்தைப் பாருங்கள்.

மாற்றும்போது நடக்கும் தவறுகள்

டிரெயின் போல்ட்டைத் திறப்பதற்கு முன் நிரப்பும் போல்ட் கழலுகிறதா என்று பாருங்கள். பழைய ஆயில் முழுவதும் கொட்டியபின் மேல் போல்ட் இறுகிக்கிடப்பது தெரிந்தால் காரை அங்கிருந்து நகர்த்தவே முடியாது.

கழற்றிய டிரெயின் போல்ட்டின் காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டும் பசை இயல்பான தேய்மானம். ஊசிபோல மின்னும் துணுக்கோ, நகம்போல ஒரு சில்லோ கிடைத்தால் புது ஆயிலை ஊற்ற வேண்டாம். கூட்டைத் திறக்க வேண்டிய நேரம் அது. சின்க்ரோ தேய்ந்த பித்தளைத் துகள் காந்தத்தில் ஒட்டாது. வடிந்த ஆயிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தங்கத்தூள்போல மிதக்கும்.

'டிராக்குக்குத்தானே, கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்' என்று அளவுக்கு மேல் நிரப்புவதும் தவறு. கூடுதல் ஆயில் கடைபட்டு நுரைக்கும், நுரை சேர்ந்த ஆயில் பல்லைக் காக்காது, விரிவடைந்து கூட்டின் காற்றோட்டக் குழாய் வழியே புகைக்குழாய்மீதும் சொட்டும். நீண்ட வளைவுகளில் ஆயில் ஒதுங்குவதால் சில கார்களுக்குச் சற்றுக் கூடுதல் அளவை நிறுவனமே சொல்லியிருக்கும். அந்தக் காருக்கு மட்டும் அது பொருந்தும். ஆட்டோமேட்டிக்கில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டம் பார்க்க வேண்டியவை உண்டு. ஆறிய நிலையில் பார்த்த மட்டம் அவற்றுக்குச் செல்லாது.

புதிதாகக் கிரவுன் வீல், பினியன் மாட்டியிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டர் சாலையில் நிதானமாக ஓட்டி, இடையிடையே ஆறவிட்டு, அந்த ஆயிலை வடித்துவிட்டுத்தான் டிராக்குக்குப் போக வேண்டும். அதன்பிறகு எத்தனை டிராக் நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை வடியும் ஆயில்தான் சொல்லும். ஒவ்வொரு முறையும் எட்டிய உச்ச வெப்பநிலை, ஆயிலின் நிறம், தீய்ந்த வாடை உண்டா இல்லையா, காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது என்று குறித்து வையுங்கள். கருத்து, தீய்ந்த வாடை வீசும் ஆயில் இரண்டாவது நாளிலேயே வடிகிறது என்றால் இடைவெளியைக் குறைப்பதோடு கூலரைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.