முதல் 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மனசைப் பழக்குவது எப்படி?

10 கிலோமீட்டரை நிற்காமல் ஓடுகிறவர்கள், அரை மராத்தானுக்குப் பெயர் கொடுத்த பிறகு தொடங்க வேண்டிய எட்டு வாரப் பயிற்சி இது. களைத்துப்போன தலை எப்போதும் "நிறுத்து" என்றுதான் சொல்லும். அதனால் அந்த நேரத்து முடிவுகளை முன்னாலேயே எடுத்துப் பழகி வைக்க வேண்டும்.

படி 1: சிரமத்துக்கு எண் கொடுங்கள் (வாரம் 1, 2)

0 முதல் 10 வரை. முழு வாக்கியம் பேச முடிந்தால் 3. துண்டு துண்டாகத்தான் பேச வருகிறது என்றால் 5. இரண்டு சொல்லுக்கு மேல் வராவிட்டால் 7. ஓடும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள்.

சென்னையில் வாட்ச் காட்டும் வேகத்தைவிட இந்த எண்ணை நம்பலாம். இங்கே காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்து போவதால் உடம்புச் சூடு தணிவதில்லை, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஜனவரியில் 5 ஆக இருந்த வேகம் மே மாதத்தில் 7 ஆகும். பலர் இதைத்தான் "எனக்கு மனதிடம் இல்லை" என்று தவறாக எடுத்துக்கொண்டு பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். அதுவரை வேகத்தைக் குறையுங்கள்.

படி 2: சலிப்பான பாதையில் ஓடுங்கள் (வாரம் 3 முதல் 6 வரை)

எங்கள் கணிப்பில் மிக முக்கியமான படி இதுதான். விடிகாலை ஐந்து மணிக்கு பெசன்ட் நகர் பீச்சில் வண்டியை நிறுத்துங்கள். அதைச் சுற்றியே சின்னச் சின்னச் சுற்றாக ஓடுங்கள். ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) போய்த் திரும்பும் ஓட்டத்தில், பாதியில் அலுத்தாலும் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் வண்டி கண்ணில் படும், சாவி பாக்கெட்டில் உரசும். அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போவதுதான் பயிற்சி.

பாட்டு வேண்டாம். முதல் வாரம் 40 நிமிடம், பிறகு வாரத்துக்குப் பத்து நிமிடம் கூட்டுங்கள். சிரமம் 4-ஐத் தாண்டக் கூடாது. கடைசி ஐந்து நிமிடம் மட்டும் 6 வரை போகலாம். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், தாகத்தை அடக்குவது பயிற்சி ஆகாது. வாரத்தில் ஒரு நாள் போதும். அதற்கு மேல் செய்தால் ஓட்டமே வெறுத்துப் போகும்.

படி 3: "இப்படி ஆனால், இதைச் செய்வேன்" (வாரம் 5)

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து எழுதிய முறை இது. ஒரு சின்ன அட்டையில் மூன்று வரி எழுதுங்கள்:

"எண் 7-ஐத் தொட்டால், 5-க்கு இறங்கும்வரை வேகத்தைக் குறைப்பேன்."
"நடக்கத் தோன்றினால், அடுத்த தண்ணீர் மேசை வரை ஓடி, குடித்து முடிக்கும்வரை மட்டும் நடப்பேன்."
"முதல் 3 கிலோமீட்டரில் கூட்டம் முந்தினால், முந்த விடுவேன்."

"தைரியமாக இருப்பேன்" என்று எழுதினால் பலனில்லை. எந்த நேரத்தில், எந்தச் செயல் என்று இரண்டும் இருக்க வேண்டும். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள்: 16-ஆவது கிலோமீட்டரில் மனசு உடைவதற்குப் பெரும்பாலும் முதல் மூன்றில் ஓடிய வேகமே காரணம்.

படி 4: உங்களோடு பேசப் பழகுங்கள்

2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தங்களோடு பேசிப் பழகியவர்கள் களைத்து நிற்கும்வரை சைக்கிள் மிதித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. நீங்களும் இரண்டு வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவழிக்கு ஒன்று: "தோளை இறக்கு, மூச்சை விடு." கடைசிக்கு ஒன்று: "அந்தக் கம்பம் வரைக்கும் வா." வேறொருவரிடம் சொல்வதுபோல் சொல்லுங்கள். பயிற்சி ஓட்டங்களில் சொல்லிப் பழகாத வாக்கியம் அன்றைக்கு வாயில் வராது.

படி 5: முந்தின நாள்

மூளை களைத்திருந்தால் அதே ஓட்டம் கூடுதல் சிரமமாகத் தெரியும். கணக்கு வழக்கு, நீண்ட அலுவலக வேலை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். பிப்பை (உங்கள் போட்டி எண் அச்சிட்ட தாளை) மாலையிலேயே பனியனில் குத்திவிடுங்கள்.

உறுதி காட்டக் கூடாத இடம்

நெஞ்சு வலி, தலைசுற்றல், வெயிலில் உடம்பு சிலிர்ப்பது, பேச்சு குழறுவது, நொண்ட வைக்கும் வலி: இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். கூட ஓடுகிறவர் குழப்பமாகப் பேசினால் 108-ஐ அழைத்து, நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். இதை அட்டையில் நான்காவது வரியாக, சிவப்பு மையில் எழுதுங்கள்.