வளைவில் வண்டி உரசுகிறதா? எதையும் கழற்றும் முன் இதைச் செய்யுங்கள்

வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அடியிலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம். ஃபுட்ரெஸ்ட் நுனியில் கீழ்நோக்கி நிற்கும் சின்ன போல்ட்தான் உரசுகிறது என்று கண்டுபிடித்து, அன்றைக்கே இரண்டு பக்கமும் கழற்றிவிட்டேன். சத்தம் நின்றது. மூன்று வாரம் கழித்து ஓர் இடது வளைவில், முன்னறிவிப்பே இல்லாமல் சென்டர் ஸ்டாண்டின் கால் சாலையில் ஊன்றியது. பின்சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பி வெளிப்பக்கமாக நழுவியது. எதிரில் வண்டி வரவில்லை, தப்பித்தேன்.

அந்த போல்ட் அங்கே இருப்பதே எச்சரிக்கத்தான். அது உரசினால் ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி மடங்கும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. சென்டர் ஸ்டாண்ட், சைலன்சர், கிராஷ் கார்டு, இன்ஜின் கவர் இதெல்லாம் மடங்காது. அவை தரையில் ஊன்றினால் வண்டியின் எடை டயரிலிருந்து அந்த இரும்புக்கு மாறிவிடும், பிடிமானம் போய்விடும். ஆக, வண்டி எவ்வளவு சாயும் என்பது மட்டும் கணக்கில்லை. எச்சரிக்கும் பாகத்துக்கும் மடங்காத பாகத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதுதான் முக்கியம். கீழே சொல்லும் எல்லா வேலையும் அந்த இடைவெளிக்காகத்தான்.

1. எது உரசுகிறது என்று பாருங்கள்

வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய தேய்மானமும் புதியதும் கலந்து தெரியும், குழப்பும். சந்தேகப்படும் இடத்திலெல்லாம் வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, வழக்கமாகப் போகும் வளைவுகளில் வழக்கமான வேகத்தில் போய் வாருங்கள். கோடு அழிந்த இடம்தான் உரசும் இடம். சாக்பீஸ் வேண்டாம், ஈரம் பட்டாலே போய்விடும். உரச வைத்துப் பார்க்கிறேன் என்று வேகத்தைக் கூட்டவும் வேண்டாம்.

2. கோணத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

நீங்கள் வண்டியில் உட்காருங்கள், ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் மெல்லிய மரச்சட்டம் ஒன்றின் ஒரு முனையை, டயர் தரையைத் தொடும் ஓரத்தில் வைத்து, மறுமுனையை மெதுவாகத் தூக்க வேண்டும். சட்டம் ஒரு பாகத்தைத் தொட்டதும் அதன் மேல் மொபைலை வைத்து, சாய்வு காட்டும் செயலியில் கோணத்தைப் படியுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக, இரண்டு பக்கமும்.

நிஜ வளைவில் சஸ்பென்ஷன் இன்னும் அமுங்கும், அதனால் இந்த எண் துல்லியமானதல்ல. ஆனால் வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட இதுவே போதும். போல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு அளந்தபோது என் வண்டியில் அது 38 டிகிரி, சென்டர் ஸ்டாண்ட் 39. நடுவில் ஒரே ஒரு டிகிரி! போல்ட்டைக் கழற்றியதும் நேராக ஸ்டாண்ட் ஊன்றியதில் ஆச்சரியமே இல்லை.

3. தொங்கிப்போனதைச் சரிசெய்யுங்கள்

செலவு குறைவு, பலன் அதிகம். ஆனால் யாரும் பார்ப்பதில்லை. சென்டர் ஸ்டாண்டை மடக்கியதும் அதை மேலே இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் இருக்கும். என்னுடையதில் அது தளர்ந்து, ஸ்டாண்ட் ஆடித் தொங்கிக்கொண்டிருந்தது. புதியது மாட்டினேன். உங்களுடையது தொங்குகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். சைடு ஸ்டாண்டுக்கும் இதே சோதனைதான். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

4. சஸ்பென்ஷன் சேக்: நான் தடுக்கி விழுந்த இடம்

நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் சேக் என்பார்கள். சாலை வண்டிகளுக்கு மொத்த அசைவில் சுமார் 30 சதவீதம் நல்ல தொடக்கம். பின் அசைவு 120 மி.மீ. என்றால் 36 மி.மீ. இறங்கலாம். அதைவிட அதிகம் இறங்கினால் வண்டியின் வயிறே தாழ்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். வளைவில் இது இன்னும் மோசமாகும். 45 டிகிரி சாய்வில் சஸ்பென்ஷன் மீது விழும் பாரம், நேராக நிற்கும்போது விழுவதைப் போல 1.41 மடங்கு.

அளக்கும் முறை: பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை வண்டியைத் தூக்கி, அச்சு நட்டிலிருந்து நேர் மேலே ஃபிரேமில் ஓர் அடையாளம் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட், வழக்கமாகச் சுமக்கும் பை எல்லாவற்றோடும் உட்கார, அதே தூரத்தை மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். துணித் தையல் டேப் இழுபடும், ஸ்டீல் டேப்பே எடுங்கள்.

நான் தனியாக அளந்தேன். சுவரோரம் வண்டியை நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்து, குனிந்து டேப்பைப் பிடித்துப் பார்த்தபோது 34 மி.மீ. காட்டியது. சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி, அந்தப் பக்கமே திரும்பாமல் ஒரு மாதம் வேறு எதையெதையோ நோண்டினேன். தவறு காலில் இருந்தது. தரையில் ஊன்றிய கால் உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. நண்பர்கள் இருவரை வைத்து, இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில் இருக்க அளந்தபோது 48 மி.மீ. வந்தது. உதவிக்கு ஆளில்லாமல் இந்த அளவை எடுக்காதீர்கள். எடுப்பதைவிட எடுக்காமல் இருப்பது மேல்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஷாக் அப்சார்பரில் (சுருக்கமாக ஷாக்) உராய்வு இருப்பதால், அமுக்கிவிட்டு மெதுவாக விட்டால் ஓர் அளவும், தூக்கிவிட்டு மெதுவாக இறக்கினால் வேறோர் அளவும் கிடைக்கும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்துக்கு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உள்குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, அது எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் போதும்.

5. ப்ரீலோடைக் கூட்டுங்கள், ஆனால் கடைசிப் படிவரை அல்ல

ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைத்திருக்கிறோம் என்பதுதான் ப்ரீலோட். அதைக் கூட்டினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஸ்பிரிங் அதேதான், வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ப்ரீலோடை மாற்ற ஷாக்கில் இருப்பது படிப்படியான வளையம் என்றால் ஒரு படி கூட்டி, மறுபடி சேக் அளந்து, தேவைப்பட்டால் அடுத்த படி. இரட்டை ஷாக் என்றால் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இதற்கென்று உள்ள கொக்கி ஸ்பேனரில், கைப்பிடி நீளமானதை வாங்குங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுவது வளையத்தின் பல்லைத்தான் உடைக்கும்.

இரண்டு படி கூட்டியதும் எனக்கு 37 மி.மீ. வந்தது. உயரம் கிடைக்கிறதே என்று கடைசிப் படிக்கே போய்விடாதீர்கள். சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல், மேடுபள்ளமான வளைவில் துள்ளும். ஆள் இல்லாமலும் வண்டி தன் எடைக்கே கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்த சேக் சரியாக இருந்து, ஆள் இல்லாதபோது துளியும் இறங்கவில்லை என்றால் உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் மென்மையானது. கெட்டியான ஸ்பிரிங் மாற்றுவதுதான் வழி.

மறுபடி மரச்சட்டம் வைத்து அளந்தேன். ஃபுட்ரெஸ்ட் போல்ட் 39, சென்டர் ஸ்டாண்ட் 43. ஒரு டிகிரி இடைவெளி நான்காகிவிட்டது, எந்தப் பாகத்தையும் நீக்காமலே. நான் எதிர்பார்த்தது ப்ரீலோடை. அதைவிட ஸ்டாண்டின் அந்தச் சின்ன ஸ்பிரிங்தான் அதிகம் கொடுத்திருக்கிறது.

6. இன்னும் வேண்டுமென்றால் உயர்த்தலாம்

நீளமான ஷாக் அல்லது லிங்கேஜ் (ஷாக்கைப் பின்சக்கரத்தின் கையோடு இணைக்கும் தண்டு) மாற்றிப் பின்பக்கத்தை உயர்த்தலாம். ஒரே தடவையில் 10 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் செங்குத்தாகும், ஹேண்டில் சட்டென்று திரும்பும். சைடு ஸ்டாண்ட் நீளம் போதாமல் வண்டி அதிகமாகச் சாய்ந்து நிற்கும். செயின் தளர்வு மாறும், ஹெட்லைட் வெளிச்சமும் கீழே இறங்கும். நான்கையும் அன்றைக்கே சரிபார்க்க வேண்டும். ஃபுட்ரெஸ்டை மட்டும் உயர்த்தும் கிட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன், எச்சரிக்கும் பாகத்தைத்தான் அவை மேலே கொண்டுபோகின்றன.

7. ஓட்டும் விதம்

25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 27 டிகிரி சாய்வு போதும். அதே வளைவில் 50 கி.மீ. என்றால் சுமார் 38. பத்து கிலோமீட்டர் வேகம் பதினொரு டிகிரியைத் தின்கிறது. நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். அப்புறம், வண்டியைக் கீழே தள்ளிவிட்டு உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் விடுங்கள். மேலுடம்பை வளைவின் உட்பக்கம் கொண்டுபோனால், அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். உரசும் சத்தம் கேட்டதும் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடத்தான் கை போகும். மூடினால் முன் ஃபோர்க் அமுங்கி வண்டி இன்னும் தாழும். கையை அப்படியே வைத்து, உடம்பை இன்னும் கொஞ்சம் உள்ளே சாயுங்கள்.

பிற்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த ஒருவர், இடது பக்கம் மட்டும் இன்னும் உரசுகிறது என்று எழுதினார். அவருடைய சைடு ஸ்டாண்ட் பிராக்கெட் வளைந்திருந்தது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபடியே அதன் மேல் ஏறி உட்காரும் பழக்கம்தான் காரணம்.

இன்னொரு பிற்சேர்க்கை: பின்னால் ஆளை ஏற்றிப் போகிறவர்கள் கேட்டார்கள். தனியாகப் போகும்போது எத்தனை படி, இருவராகப் போகும்போது எத்தனை படி என்று இரண்டையும் தனித்தனியாக அளந்து, சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்தக் கொக்கி ஸ்பேனரும் அங்கேயே இருக்கட்டும்.