சிங்கப்பூர் சொகுசு ஹோட்டல், வீடு திரும்ப பிசினஸ் கிளாஸ்: ரூம் போடும் முன் இதைப் பாருங்கள்

சிங்கப்பூரில் பெரிய ஹோட்டல்களின் கட்டணத்துக்குப் பக்கத்தில் ++ என்று இருக்கும், அதைக் கவனிக்காமல் புக் செய்துவிடாதீர்கள். 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9% ஜிஎஸ்டி, ஆக 500 டாலர் என்று போட்ட அறை உங்கள் கைக்கு வரும்போது ஒரு இரவுக்கு 599.50 டாலர். இரண்டு அறை, மூன்று இரவு என்று குடும்பமாகப் போனால் இந்த வித்தியாசம் மட்டுமே 597 டாலர் ஆகிறது!

மரினா பே சாண்ட்ஸ் 57வது மாடி நீச்சல்குளம் அங்கே தங்குபவர்களுக்கு மட்டும்தான். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றால் கடைசி ஒரு இரவை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, மற்ற நாட்களுக்கு லிட்டில் இந்தியா பக்கம் தங்குங்கள், சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

அப்புறம் திரும்பும் பயணம். சென்னைக்கு நாலு மணி நேரம்தான், அதனால் பிசினஸ் கிளாஸில் படுக்கையைவிட விமான நிலைய லவுஞ்சும் (வசதியான காத்திருப்பு அறை) கூடுதல் பெட்டி எடையும்தான் உண்மையான லாபம், குழந்தைகளும் வயதானவர்களும் கூட இருந்தால் இது பெரிய நிம்மதி. காலையிலேயே அறையைக் காலி செய்தாலும் பெட்டிகளை ஹோட்டலிலேயே கொடுத்து வைக்கலாம். சாங்கி விமான நிலையத்தில், ஜுவல் மாலில் இருக்கும் அருவி இமிக்ரேஷனுக்கு வெளியே, லவுஞ்ச் உள்ளே. முதலில் அருவியைப் பாருங்கள், உள்ளே போய்விட்டால் திரும்பி வர முடியாது.